விரல் காணும் ஓவியம்



தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் அளவால் அடுக்கிக் காட்டும் பகுதி அவையோர்க்கு நன்கு பழகியதே. அவ்வடுக்கில் முதற்படியில் நிற்பது உற்றறிவு, அதாவது மெய்யால் தொட்டறிவது. அதன்மேல் நாவும் மூக்கும் வந்த பின்னரே நான்காவதாகக் கண் வருகிறது. உரையாசிரியர்கள் இதனை உயிர்வகைப் பாகுபாடாகக் கொண்டு விளக்கினர், அது முறையே. ஆயினும் ஒரு குழந்தை உலகை அறிந்துகொள்ளும் வரிசையும் இதற்குப் பெரிதும் இணங்கியே இருக்கிறது. பிறந்த குழந்தை தாயைத் தோலால் அறிகிறது. பாலை நாவால் அறிகிறது. கண் தெளிந்து உருவங்களைப் பிரித்துணரச் சில திங்கள் ஆகின்றன. அதன்பின் கண் வந்து ஏனைப் புலன்களின் வேலையையெல்லாம் தானே எடுத்துக்கொள்ள, முதலில் வந்த தொடுபுலன் ஏவல் செய்யும் நிலைக்குத் தாழ்ந்துவிடுகிறது. பார்வையற்ற குழந்தைக்கு மட்டும் அது தாழ்வதில்லை.

அக்குழந்தையின் மடியில் எத்தகைய படப்புத்தகத்தை வைப்பது என்பதே இவ்வுரையின் பொருள். படமே காண இயலாத குழந்தைக்குப் படப்புத்தகம் எதற்கு என்று கேட்போர் உண்டு. அக்கேள்விக்கு விடை காணுமுன் எழுத்தின் கதையைச் சிறிது நோக்குவது நலம்.

பாரிசு நகரில் 1780களில் பார்வையற்ற இளைஞர்க்கெனப் பள்ளி நிறுவிய வாலந்தன் ஹாயி பெரிய உள்ளம் படைத்தவர். அச்செழுத்துகளை ஈரத்தாளில் அழுத்தி மேடாக்கினால் அவற்றை விரலால் தடவிப் படிக்கலாம் என்று கண்டார். நூல்களும் செய்தார். ஆனால் அவை பெரியவை, கனமானவை. ஒவ்வோர் எழுத்தையும் சுற்றித் தடவி முடிப்பதற்குள் முன்னெழுத்து மறந்துபோகும். அப்பள்ளியில் பயின்ற லூயி பிரெயில், மூன்று வயதில் தந்தையின் தோல் பட்டறையில் ஊசி பட்டுக் கண் இழந்தவர், 1824இல் தம் பதினைந்தாம் வயதில் ஆறு புள்ளிகளைக் கொண்ட எழுத்துமுறையை வகுத்தார். இருட்டில் படிப்பதற்கென்று சார்லஸ் பார்பியே அமைத்திருந்த பன்னிரு புள்ளி முறையைச் சுருக்கி, விரல்நுனி ஒருமுறை பட்டதும் முழு எழுத்தும் அடங்கும்படி செய்தார். முறை 1829இல் நூலாக வெளிவந்தது. பார்வையுள்ள ஆசிரியர் பலர்க்கு அது பிடிக்கவில்லை. தங்கள் கண்ணுக்குப் புரியாத எழுத்து என்பதே குறை. 1852இல் பிரெயில் மறைந்த பின்னரே, 1854இல், பிரான்சு அதனை முறையாக ஏற்றது.

இங்கே கருதத்தக்கது ஒன்று. ஹாயி செய்தது கண்ணின் எழுத்தை மேடாக்கியது. பிரெயில் செய்தது விரலுக்கென்றே ஓர் எழுத்தை ஆக்கியது. எழுத்தைப் பொறுத்தவரை இவ்வழக்கு தீர்ந்துவிட்டது. படத்தைப் பொறுத்தவரை உலகம் இன்னும் பெரும்பாலும் ஹாயியின் பள்ளியிலேயே உட்கார்ந்திருக்கிறது. கண்ணுக்கு வரைந்த யானையின் புறக்கோட்டை மேடாக்கிவிட்டு, ‘இதோ யானை’ என்று குழந்தையின் கையைப் பிடித்து வைப்பதே பல இடங்களில் நடக்கிறது.

தமிழுக்கு இத்துறை முற்றிலும் புதிதன்று. இந்தியாவின் முதல் பார்வையற்றோர் பள்ளி 1887இல் அமிர்தசரசில் தொடங்கப்பெற்றது. மூன்றே ஆண்டுகளில், 1890இல், ஆஸ்க்வித் அம்மையார் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதற்கும் முன்னரே, அந்தகக்கவி வீரராகவ முதலியார் பிறர் தம் முதுகில் விரலால் எழுதிக் காட்ட எழுத்தறிந்தார் என வழங்கும் செய்தி தமிழுலகில் உண்டு. திண்ணைப் பள்ளியில் கண்ணுள்ள பிள்ளைகளும் மணலில் விரலால் உழுதே அகரத்தைக் கற்றனர். அவ்விரலுக்கு எழுத்து ஒரு பள்ளம்; கண்ணுக்கு அது ஒரு கோடு. பலகையும் காகிதமும் வந்தபின் அந்தப் பள்ளம் மறந்துபோயிற்று.

இந்திய மொழிகள் அனைத்திற்கும் பொதுவான பாரதி பிரெயில் 1951இல் வகுக்கப்பெற்றது. அதில் தமிழ் அமைந்துள்ள முறை கவிஞர்கள் ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்க வேண்டியது. அச்சில் ‘கொ’ என்னும் எழுத்தின் உயிர்க்குறி மெய்யின் முன்னும் பின்னும் பிரிந்து நிற்கிறது. பிரெயிலிலோ முதலில் ககரம், அடுத்து ஒகரம். வாய் ஒலிக்கும் வரிசையிலேயே விரல் படிக்கிறது. மெய்யெழுத்தின் புள்ளி கண்ணுக்கு எழுத்தின் தலைமேல் நிற்கிறது. விரலுக்கு அது தனியொரு புள்ளியாய் முன்னே வந்து, அடுத்து வருவது உயிர் நீங்கிய மெய் என்று அறிவித்துவிட்டு நகர்கிறது. இதனால் ‘தமிழ்’ என்னும் மூன்றெழுத்துச் சொல் பிரெயிலில் ஐந்து கட்டங்களைக் கொள்ளும். ‘அம்மா’வும் அவ்வாறே ஐந்து. ஒரு கட்டத்திற்கு ஏறத்தாழ ஆறு மில்லிமீட்டர் இடம் வேண்டும். பதினெட்டுச் சென்டிமீட்டர் வரியில் முப்பது கட்டங்களே அமையும். குழந்தை நூலுக்குப் பாடல் எழுத முன்வரும் கவிஞர் சீரும் தளையும் எண்ணுவதோடு கட்டமும் எண்ணியாக வேண்டும் என்பதை இப்போதே சொல்லி வைப்பது நல்லது.

இனிப் படத்திற்கு வருவோர், முதலில் பழைய கேள்வி ஒன்றைக் கடந்தாக வேண்டும். டப்ளின் நகரத்து அறிஞர் வில்லியம் மாலிநோ 1688இல் ஜான் லாக்கிற்கு ஒரு கேள்வி எழுதி அனுப்பினார். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர் உருண்டையையும் கனசதுரத்தையும் தொட்டுத் தொட்டு வேறுபாடு அறிந்தவர். அவர்க்குத் திடீரெனப் பார்வை வந்தால், தொடாமல் கண்ணால் மட்டும் கண்டு எது உருண்டை, எது கனசதுரம் என்று சொல்வாரா? மாலிநோவின் மனைவியார் பார்வை இழந்தவர் என்பதை அறிந்தால் இக்கேள்வி வெறும் தத்துவ விளையாட்டன்று என்பது புரியும். ‘சொல்ல முடியாது’ என்பதே மாலிநோ, லாக் இருவர் கருத்தும். மூன்று நூற்றாண்டுகள் கழிந்து விடை கிடைத்தது. கிடைத்த இடம் இந்தியா. பவன் சின்கா தொடங்கிய ‘பிரகாஷ்’ திட்டத்தில், பிறவியிலேயே பார்வை மறைக்கப்பட்டு, எட்டு முதல் பதினேழு வயதுக்குள் அறுவை மருத்துவத்தால் கண் தெளிந்த ஐந்து பிள்ளைகள் இச்சோதனைக்கு உட்பட்டனர். முடிவு 2011இல் வெளியாயிற்று. கண்டதைக் கண்டதோடு பொருத்தினர். தொட்டதைத் தொட்டதோடு பொருத்தினர். ஆனால் தொட்ட பொருளைக் கண்ணால் அடையாளம் காணச் சொன்னபோது குத்துமதிப்பாய்ச் சொல்வதற்கு மேல் அவர்களால் இயலவில்லை. வியப்பு என்னவெனில், சில நாள்களிலேயே அத்திறன் வளரத் தொடங்கியது.

இதன் பொருள் இரண்டாகும். கையின் யானையும் கண்ணின் யானையும் தாமாகவே ஒன்றாகிவிடுவதில்லை. ஆனால் இடைவெளி கடக்க முடியாததும் அன்று, பழக்கம் வேண்டும். இப்பழக்கம் பார்வையுள்ள குழந்தைக்கு ஒன்றரை வயதில் தாயின் மடியில் தொடங்குகிறது. ‘காக்கா எங்கே? பூனை எங்கே?’ என்று நூறு முறை கேட்டு, நூறு முறை விரல் வைத்துக் காட்டிய பின்னரே, தாளில் உள்ள தட்டையான நிறக்கறை ஒரு பூனை என்பதை அக்குழந்தை ஏற்கிறது. பார்வையற்ற குழந்தைக்கோ முதற்படம் பெரும்பாலும் பள்ளியில், நிலவரைபடமாகவோ அறிவியல் விளக்கப்படமாகவோ வந்து சேர்கிறது. அரிச்சுவடி கற்பிக்காமல் காப்பியத்தைக் கையில் கொடுத்துப் படி என்பது போன்றது அது. படிக்க இயலாமற்போனதும், பார்வையற்றோர்க்குப் படம் பயன்படாது என்று முடிவு கட்டிவிடுகின்றனர். படம் வரையும் வினாக்களிலிருந்து விலக்களிப்பது தேர்வுமுறையில் நெடுநாள் வழக்கம். விலக்கு இரக்கத்தால் தரப்பட்டதே. ஆனால் அந்த இரக்கம் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கணக்கின் கதவையும் அறிவியலின் கதவையும் சாத்தியிருக்கிறது. தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் பாலகிருஷ்ணன் முதலானோர் பாடநூற் படங்களைத் தொடுபடங்களாக ஆக்கும் பணியில் இறங்கியதும், அதிலிருந்து 2018இல் ‘ரெய்ஸ்டு லைன்ஸ்’ என்னும் நிறுவனம் பிறந்ததும் இக்கதவைத் திறக்கவே. படப்புத்தகம் எதற்கு என்ற கேள்விக்கு இது ஒரு விடை. மற்றொரு விடை எளியது: ஏனைக் குழந்தைகளுக்கு எதற்கோ, அதற்கே.

கையின் படம் எவ்வாறு வேறுபடுகிறது? மேசை ஒன்றைக் கண்ணுக்கு வரைபவர் பின்கால்களைக் குட்டையாக்குவார். மேற்பலகையைச் சாய்ந்த நாற்கரமாக்குவார். கை அறிந்த மேசைக்கு நான்கு கால்களும் ஒரே நீளம். பார்வையற்ற பிள்ளைகளை மேசை வரையச் சொன்னால், நடுவே ஒரு சதுரத்தை இட்டு, நான்கு மூலைகளிலிருந்தும் கால்களை வெளிநோக்கி நீட்டி வரைவதுண்டு. மேசைக்குக் கீழே தவழ்ந்து நான்கு கால்களையும் பிடித்துப் பார்த்த கையின் உண்மை அது. பார்வையற்றோர் வரையும் படங்களை ஆராய்ந்த ஜான் கென்னடி 1993இல் வெளியிட்ட தம் நூலில், புறக்கோடு என்பது கண்ணுக்கு மட்டும் உரியதன்று, விளிம்பை அறியும் எந்தப் புலனுக்கும் அது பொருள்படும் என்று வாதிட்டார். அவர் கூற்று மேற்சொன்ன சோதனைக்கு முரணானது போல் தோன்றலாம், முரண் இல்லை. கோட்டைப் பொருளாகக் கொள்ளும் ஆற்றல் கைக்கும் உண்டு. எந்தக் கோடு என்பதில்தான் கண்ணும் கையும் பிரிகின்றன.

இதனினும் ஆழமான வேறுபாடு காலத்தில் இருக்கிறது. கண் ஓவியத்தை ஒரே வீச்சில் கொள்கிறது. பிறகே பகுதிகளை நாடுகிறது. விரல் பகுதியிலிருந்து பகுதிக்குச் சென்று, முன்னதை நினைவில் வைத்து, இறுதியில் முழுமையைக் கட்டுகிறது. ஓவியம் இடத்தில் விரிவது, கவிதை காலத்தில் விரிவது என்று செருமானிய அறிஞர் லெஸ்ஸிங் 1766இல் எல்லை வகுத்தார். திறனாய்வு பயின்றோர் அறிவர். தொடுபடம் அவ்வெல்லையில் நிற்பதில்லை. அது காலத்தில் விரியும் ஓவியம். முதலடி கேட்டு இரண்டாமடிக்குக் காத்திருக்கும் செவியைப் போல, வால் தொட்டு முதுகுக்குச் செல்லும் விரல் காத்திருக்கிறது. எங்கே தொடங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எது மீண்டும் வர வேண்டும் என்பவையெல்லாம் இங்கு ஓவியர் அறிந்தவற்றைவிடப் பாவலர் அறிந்தவை. இத்துறையை ஓர் இலக்கிய வட்டத்தின் முன் வைப்பதற்கு இதைவிட வலிய காரணம் வேண்டியதில்லை.

உலகில் நடந்துள்ள முயற்சிகளுள் சிலவற்றைச் சுட்டலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அல்சாசுப் பகுதியின் இல்சாக் பள்ளியில் மார்ட்டின் குன்சு மர அச்சுகளைச் செதுக்கி விலங்குகளையும் நிலவரைபடங்களையும் மேட்டுப் படங்களாக அச்சிட்டார். கதையும் படமுமாய்க் குழந்தைக்கென்றே அமைந்த நூல்களில், 1970களில் டென்மார்க்கில் வாழ்ந்த வர்ஜீனியா ஆலன் ஜென்சன் டோர்கஸ் ஹாலருடன் செய்த நூல் முதன்மையானது. அதன் கதைமாந்தர் மனிதருமல்லர், விலங்குமல்லர். கோடுகளாலும் புள்ளிகளாலும் ஆன வெறும் வடிவங்கள். சொரசொரப்பானவன் ஒருவன், ஓட்டை விழுந்தவன் ஒருவன் என்று விரலே ஆளை அறியும். பிரான்சில் திஜோன் நகர்ப்புறத்தில், பார்வையற்ற பிள்ளைகளின் ஆசிரியராயிருந்த பிலிப் குளோதே 1994இல் தொடங்கிய பதிப்பகத்தின் பெயர் ‘கனவு காணும் விரல்கள்’ எனத் தமிழில் பொருள்படும். அங்கே வெளிவந்த ‘சிவப்புத் தொப்பிச் சிறுமி’யில் சிறுமியும் இல்லை, ஓநாயும் இல்லை, அவளுக்கு ஒரு வட்டம், ஓநாய்க்கு வேறொரு வட்டம். ஒன்று வழவழப்பு, மற்றொன்று முரடு. முரட்டு வட்டம் பக்கத்துக்குப் பக்கம் நெருங்கி வருகையில் குழந்தையின் விரல் தயங்குமாம். அது நம்பத்தக்கதே, ஓநாயின் படம் அச்சுறுத்துவதை விட ஓநாயின் வருகை அச்சுறுத்தும்.

மெக்சிகோவில் 2006இல் வெளிவந்த மெனேனா கொத்தின், ரொசானா ஃபாரியா ஆகியோரின் ‘நிறங்களின் கறுப்பு நூல்’ பெரும்புகழ் பெற்றது. கறுப்புத் தாளில் கறுப்பு மேட்டுக்கோடுகள். நிறங்களைச் சுவையாலும் மணத்தாலும் ஒலியாலும் சொல்லும் சொற்கள். அழகிய நூல். ஆனால் அதன் கோடுகள் மிக நுண்மையானவை; பல கோடுகள் நெருங்கிக் கிடக்கின்றன. பார்வையுள்ளோர்க்குப் பார்வையின்மையை உணர்த்த எழுந்த நூல் அது என்று கொள்வதே நேர்மை. தமிழகத்திலும் இவ்வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது. சென்னைத் தூலிகா பதிப்பகத்தின் ‘கண்ணா பன்னா’ 2015இல் வந்தது. குகைக்குள் விளக்கு அணைந்ததும், எப்போதும் வாய்திறவாத பார்வையற்ற சிறுவன் குடும்பத்தை வெளியே நடத்திவரும் கதை. சை விட்டேகர் எழுதிய அக்கதை நல்ல கதை. பார்வையற்ற குழந்தையைப் பற்றிய நூல் ஒன்று. அக்குழந்தை தானே படிக்கும் நூல் வேறொன்று. பின்னதற்கான உழைப்பைச் சென்னையில் நமிதா ஜேக்கப் நிறுவிய சேத்தனா அறக்கட்டளை மேற்கொண்டிருக்கிறது. கடையில் விற்கும் குழந்தை நூல்களையே எடுத்து, பிரெயிலும் பெரிய எழுத்தும் தொடுபடமும் சேர்த்துத் தருவது அதன் வழி. இலண்டனில் கிளியர்விஷன் நூலகமும், அச்சுப் பக்கங்களுக்கு இடையில் பிரெயில் பொறித்த தெளிந்த நெகிழித் தாள்களைக் கோத்து இரவல் தருகிறது. இம்முறையின் அருமை வாசிப்போரின் உறவில் இருக்கிறது. பார்வையுள்ள தாயும் பார்வையற்ற மகளும் ஒரே நூலை ஒரே மடியில் படிக்கலாம். பார்வையற்ற தந்தை பார்வையுள்ள மகனுக்குக் கதை வாசித்துக் காட்டலாம்.

பிரெயிலோடு பெரிய அச்செழுத்தும் சேர வேண்டும் என்பதை வலியுறுத்தியாக வேண்டும். பார்வையற்றோர் என்று எண்ணப்படும் பிள்ளைகளுள் பலர்க்குச் சிறிது ஒளியுணர்வோ நிறவுணர்வோ எஞ்சியிருக்கிறது. அந்த எச்சத்தைப் பயன்படுத்தாமல் விடுவது வீண். ஆகவே மஞ்சள் மேல் கறுப்பு என்றாற்போல் ஒன்றையொன்று எடுத்துக்காட்டும் நிறங்கள் வேண்டும். பளபளக்கும் தாள் கூசும், கூடாது.

செய்முறை அரிதன்று, பொறுமையே அரிது. உப்புத்தாள், கோணி, வெல்வெட்டுத் துணி, சணல், தேங்காய் நார், பொத்தான், தீக்குச்சி எல்லாம் பயன்படும். ஒரு பக்கத்தில் ஒரு பொருள், மிஞ்சினால் இரண்டு. ஒன்றன்மேல் ஒன்று படியக்கூடாது. மரத்தின் பின்னே பாதி மறைந்த பசு கைக்குப் பாதிப் பசுவே. குழந்தையின் இரு கைகளும் விரிந்து அடங்கும் அளவை மீறலாகாது. முதற்பக்கத்தில் பூனை வெல்வெட்டு என்றால் இறுதிப் பக்கம் வரை பூனை வெல்வெட்டே. அழகுக்காக இடையில் பஞ்சாக மாறினால் புதுவிலங்கு ஒன்று வந்துவிட்டதாகக் குழந்தை கொள்ளும். நூல் தட்டையாய் விரிந்து கிடக்கச் சுருள்கம்பிக் கட்டு வேண்டும். பிய்ந்து வாய்க்குள் போகும் சிறுபொருள் எதுவும் ஆகாது. பொத்தானைத் தைத்தால் போதாது, இழுத்துப் பார்த்தே சேர்க்க வேண்டும். இவையெல்லாம் முடிந்தபின் ஒரு படி ஆகும். நூறு படி வேண்டுமானால் நூறு முறை ஒட்ட வேண்டும். முதற்படியை அச்சாக வைத்து, சூடாக்கிய நெகிழித் தாளை அதன்மேல் படியச் செய்து பல படிகள் எடுக்கும் முறை உண்டு. ஆனால் அதில் வெல்வெட்டும் நாரும் ஒன்றுபோல் நெகிழியாகிவிடும். வடிவம் மிஞ்சும், தோல் போய்விடும். இன்றுவரை இத்துறையின் தீராத நெருக்கடி இதுதான்.

சட்டம் இடையூறாக இல்லை. 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தம், பார்வையற்றோர் பயன்பாட்டுக்கு நூல்களை மாற்றியமைக்க இடம் தருகிறது. இது குறித்து 2013இல் மராகேஷ் நகரில் உருவான பன்னாட்டு உடன்படிக்கையை முதலில் உறுதி செய்த நாடு இந்தியா, அது 2014இல். தமிழில் இத்தகைய நூல்கள் அருகியிருப்பதற்குச் சட்டத்தின் மேல் பழி போட வழியில்லை.

சொற்களைப் பற்றி ஒன்று. நிலா வெள்ளை, கிளி பச்சை என்னும் சொற்கள் பார்வையற்ற குழந்தைக்குப் பொருளற்ற ஓசைகள், அவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று 1930களில் அமெரிக்கர் தாமஸ் கட்ஸ்ஃபோர்த் எழுதினார், அவரும் பார்வையற்றவரே. அரை நூற்றாண்டு கழித்து, 1985இல், பார்பரா லாண்டாவும் லைலா கிளைட்மனும் வெளியிட்ட ஆய்வு வேறு செய்தியைத் தந்தது. கண் கட்டப்பட்ட பார்வையுள்ள பிள்ளைகளிடம் ‘மேலே பார்’ என்றால் தலையை நிமிர்த்தினர். பிறவியிலேயே பார்வையற்ற சிறுமி தலையை அசைக்காமல் கையை மேலே உயர்த்தினாள். அவளுக்குப் ‘பார்’ என்பது பொருளற்ற சொல் அன்று. கையால் தேடி அறிவதே பார்ப்பது.

ஆங்கிலம் பேசும் சிறுமியிடம் ஆய்ந்து கண்ட இவ்வுண்மையைத் தமிழ் தன் வினைச்சொல்லிலேயே வைத்திருக்கிறது. தொட்டுப் பார்க்கிறோம் என்கிறது தமிழ். சுவைத்துப் பார்த்தல், முகர்ந்து பார்த்தல், கேட்டுப் பார்த்தல், எண்ணிப் பார்த்தல் என எல்லாப் புலனுக்கும் மனத்திற்கும் ‘பார்’ துணைவினையாய் நிற்கிறது. கண் இல்லாமலே பார்க்கத் தெரிந்த மொழி இது. எனவே தமிழ்த் தொடுநூலில் ‘பார்’ என்று எழுதக் கவிஞர் தயங்க வேண்டியதில்லை. நிறத்தையும் விலக்க வேண்டியதில்லை. அக்குழந்தையும் பச்சைப் பாவாடை உடுத்துகிறது, சிவப்பு மிட்டாய் கேட்கிறது. நிறத்தை மட்டுமே சொல்லி, பொருளின் தோலையும் ஓசையையும் சொல்லாமல் விடுவதே குறை. கிளி பச்சை, அதன் அலகு வளைந்தது, நகம் விரலைப் பற்றும்.

நெய்வேலியில் வளரும் பார்வையற்ற குழந்தைக்கு எந்த நூல் முதலில் வேண்டும்? பூனையும் நாயும் பந்தும் கைக்கு எட்டும். எட்டாதவற்றிற்கே படம் மிகவும் தேவை. இந்நகரியத்தில் எவர் வீட்டுப் பேச்சிலும் வருவது சுரங்கம். 1956இல் நிறுவனம் அமைந்த நாள் முதல் மூன்று தலைமுறைகள் அதைச் சொல்லிக்கொண்டே வாழ்ந்திருக்கின்றன. தந்தை இரவுப்பணிக்குச் செல்வதையும், விடிந்து வந்து குளிப்பதையும் குழந்தை அறியும். அவர் சென்ற இடம் எத்தகையது என்பதை எந்தக் கையாலும் தொட முடியாது. ஆகவே நூலின் பொருள் சுரங்கமாகலாம்.

மண்ணை வாரும் ‘பக்கெட் வீல்’ எந்திரத்தை முழுதாய் வரைந்து மேடாக்கினால் அது கைக்கு ஒரு முட்புதராகவே இருக்கும். பகுதியிலிருந்து தொடங்க வேண்டும். முதற்பக்கத்தில் ஒரேயொரு வாளி. குழந்தையின் கைமுட்டி நுழையும் அரைக்குவளை. உண்மை எந்திரங்களுள் பெரியவற்றில் ஒரு வாளி 1400 லிட்டர் கொள்ளும். இந்த எண்ணைச் சொல்வதை விட, குளியலறை வாளி எத்தனை முறை நிரம்பும் என்று சொல்வது குழந்தைக்குப் பயன்படும். இரண்டாம் பக்கத்தில் ஆணியில் சுழலும் அட்டைச் சக்கரம். விளிம்பில் அதே வாளிகள் சிறியனவாய். சுழற்றினால் சுழல வேண்டும். அடுத்த பக்கத்தில் இரு பிளவுகளுக்கிடையே இழுத்தால் ஓடும் பட்டை நாடா. மண் செல்லும் வழி.

அதற்கடுத்து நிலத்தின் வெட்டுமுகம். இங்கே இயற்கையே தொடுபடம் செய்து வைத்திருக்கிறது. மேலே செம்மண், அதன் கீழ் எந்திரத்தின் பற்களைத் தேய்த்த கடலூர் மணற்கல், முரட்டு உப்புத்தாள், அடுத்துக் களிமண், வழவழத்த துணி, அதன் கீழ்ப் பழுப்பு நிலக்கரி. உண்மை நிலக்கரித் துண்டையே ஒட்டலாம் என்று முதலில் தோன்றும். ஒட்டினால் சில நாளில் உலர்ந்து பொடிந்து கையெல்லாம் கறையாகும். சில துண்டுகளில் மரத்தின் நார்வரிகள் இன்னும் தெரிவதால் தேங்காய் நாரே பொருத்தம்; காடு மண்ணுக்குள் போய்க் கரியானது என்பதை அந்த நார் சொல்லாமற் சொல்லும். எல்லாவற்றிற்கும் அடியில், அழுத்தத்தோடு மேலெழ முயலும் ஊற்றுநீர். அதை எதனால் காட்டுவது? அழுத்தினால் மீண்டும் எழும் பஞ்சுத் துண்டு ஒருவேளை உதவலாம். அந்த மேல்மண்ணில் முன்பு வயலும் முந்திரித் தோப்பும் வீடுகளும் இருந்தன. அவற்றை விட்டுவிட்டு வெட்டுமுகம் காட்டுவது முழுமையாகாது. ஒரு வீடும் ஒரு மரமும் அப்பக்கத்தின் உச்சியில் இருந்தாக வேண்டும்.

கடினமானது ஆழம். மேட்டுப்படம் உயரத்தைச் சொல்லும், பள்ளத்தைச் சொல்வது அரிது. பல அட்டைகளை அடுக்கி, ஒவ்வொன்றிலும் மேலதைவிடச் சிறிய துளை வெட்டினால், விரல் படிப்படியாய் உள்ளிறங்கும். சுரங்கமும் அவ்வாறே படிகளாகத்தான் வெட்டப்படுகிறது. அடியில் ஓர் ஆள் நிற்க வேண்டும். அளவுப்படி வைத்தால் கடுகளவும் இராது, விரலுக்குத் தெரியாது. தெரியும்படி வைத்தால் சுரங்கம் கிணறாகிவிடும். ஆளுக்குப் பதிலாய் ஒரு மணியை வைத்து, ‘இங்கே அப்பா’ என்று அருகே பிரெயிலில் எழுதுவது ஒரு வழி. ‘அப்பா’ ஐந்து கட்டம், ‘இங்கே’ ஐந்து கட்டம், இடையில் ஒரு வெற்றுக் கட்டம். துளையின் விளிம்பில் அவ்வளவுக்கு இடமிருக்கிறது.